பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். லாரி ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் அவர் ‘ஒத்த லைட்டு’தான். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது தொழில். அவருடைய லாரிக்கு முகத்தில் இரண்டு கண்கள் இருந்தாலும் ஒன்றில்தான் பார்வை, அதுவும் புரை விழுந்த பார்வை. எதிரே வருகிறவர்கள் ஏதோ மோட்டார் சைக்கிள் வருகிறது என்று நினைத்து நடுரோட்டிலேயே வருவார்கள். கிட்டே வந்ததும், அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கட்டிலும் அலமாரியும் சாப்பாட்டு மேஜையும் மலை மாதிரி எழுந்து நிற்பதைப் பார்த்துப் பதறி ஓரம் கட்டுவார்கள். போகிற போக்கில் அவர்கள் சொல்லிவிட்டுப் போனவற்றில் அச்சில் ஏற்றக்கூடியது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான்.

உண்மையில் ஒரு லைட் எரியாதது அந்த லாரியின் குறைகளிலேயே சின்னக் குறை. பிரேக்கை மிதித்தால் கண்ணாடியில் வைப்பர் பாதி தூரம் எழுந்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி படுத்துக்கொள்ளும். இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் பின்னால் இருக்கிற விளக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து மினுக்கும். ஹெட்லைட் எரியும்போது ஹாரனை அழுத்தினால் லைட் மங்கிப்போகும், ஹாரனோ சளி பிடித்த ஆடு மாதிரி இருமும். இவ்வளவுக்கும் சாவியைத் திருப்பினால் இன்ஜின் மட்டும் ஒரே உறுமலில் எழுந்துவிடும். அதனால் பேட்டரி மேல் பழி போட யாராலும் முடியவில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஹெட்லைட் போட்டு ஓட்டினால் ஆக்சிலேட்டர் மிதி இளஞ்சூடாகும். ஒத்த லைட்டு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவர். பனிக்காலத்து விடியற்காலையில் அந்தச் சூடு உள்ளங்காலுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். வண்டிக்குத் தன் மேல் இருக்கிற பிரியம் அது என்று ஒரு நாள் மனைவியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். லாரியைச் சக்களத்தி என்றே குறிப்பிட்டுவந்த அவள், அப்படியானால் படுக்கையையும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளும்படி பதில் சொன்னாள்.

அவர் ரிப்பேர் பார்க்காதவர் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைமை. ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் முன்னால் பார்த்தவனைத் திட்டிக்கொண்டே புதிதாக ஒரு வயரை இழுத்துவிட்டுப் போவான். பழையதை ஒருவனும் கழற்றியதில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் வயர் வைக்கோல்போர் மாதிரி இருக்கும்.

விளக்கில் இருந்த குறையை ஒத்த லைட்டு வண்ணத்தில் தீர்த்துக்கொண்டார். வருஷா வருஷம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பார். அதில் அவருக்கு ஒரு வெறி. ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் நீலம், இன்னொரு வருஷம் வேறொன்று. பாடி, கதவு, அடிச்சட்டம், போல்ட், நட்டு என்று பிரஷ் நுழைகிற எந்த இடத்தையும் விட மாட்டார். போல்ட்டுக்கு அடியில் பழைய நிறம் தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கழற்றி, அடியிலும் அடித்து, காய வைத்து, திரும்ப முடுக்குவார். அதுவரைக்கும் சோதனை அதிகாரியாக இருந்தவரும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதில்தான் வினை வந்தது. புதிதாக வந்த அதிகாரி ஓர் அம்மாள். அவருக்குப் பெயிண்ட்டில் நாட்டம் இல்லை.

சோதனை மைதானத்தில் அந்த அம்மாள் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். ஒத்த லைட்டு போட்டார்.

“நான் கேட்டது லெஃப்ட்.”

“லெஃப்ட்தான் மேடம் போட்டிருக்கேன்.”

“எல்லாமே எரியுதே.”

“அதுல லெஃப்ட்டும் இருக்கு மேடம்.”

அடுத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தார். பின்னால் நின்றவருக்கு மங்கலாக ஏதோ தெரிந்தது. முன்னால் நின்ற உதவியாளருக்கு வைப்பர் எழுந்து கும்பிடு போட்டது தெரிந்தது. அவர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் முன்பக்கம் வந்து, இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லித் தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு, பெயிண்ட் நன்றாக இருக்கிறது, விளக்குகளைச் சரி பண்ணிக்கொண்டு அடுத்த மாசம் வாருங்கள், அதுவரைக்கும் பொழுது சாய்ந்த பிறகு வண்டி ரோட்டில் தெரியக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒத்த லைட்டுக்கு, பெயிண்ட்டைப் பற்றி அந்த அம்மாள் சொன்னது மட்டும் வழி நெடுக ஆறுதலாக இருந்தது.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இவருடைய லாரி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான். ஷட்டருக்கு அடியில் அவன் கால் தெரிந்தது. இவர் தட்டினார். உள்ளேயிருந்து, கடையில் யாரும் இல்லை என்று பதில் வந்தது.

அன்று மாலை வீட்டில், மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றாள். ஒத்த லைட்டு தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சினனும் எலக்ட்ரீஷியன்தான். ஆனால் வீட்டுக்கு வயரிங் பண்ணுகிற எலக்ட்ரீஷியன். இவர்கள் வீட்டுக்கும் அவன்தான் பண்ணியிருந்தான். குளியலறையில் லைட் போட்டால் சமையலறையில் ஃபேன் சுற்றும். கேட்டபோது, குளிக்கப் போயிருக்கிறார்கள் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா, அதற்குத்தான் அப்படிப் போட்டிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். தவறு என்று ஒன்றை அவன் வாழ்க்கையில் செய்ததே கிடையாது. வசதிகள்தான் செய்திருக்கிறான்.

லாரிக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் இல்லையா என்று ஒத்த லைட்டு மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மச்சினன் வாசலில் நின்றான். அக்கா ஏற்கெனவே போன் பண்ணியிருந்தாள்.

“மச்சான், கரண்ட் எங்க ஓடினாலும் கரண்ட்தான். வீட்டுல நிக்குது, உங்க வண்டியில நகருது. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றான்.

மறுநாள் காலை வீட்டை ஒட்டியிருந்த காலி மனையில் வேலை ஆரம்பமானது. மச்சினனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது; தொட்டதை அரைகுறையாக விட மாட்டான். டாஷ்போர்டைப் பிரித்து, அத்தனை எலக்ட்ரீஷியன்களின் ஞாபகார்த்தங்களையும் உருவி வெளியே போட்டான். வயர் வந்துகொண்டே இருந்தது. எங்கேயும் ஆரம்பிக்காமல் எங்கேயும் போய்ச் சேராமல் சும்மா உள்ளே குடியிருந்த வயர்கள் பல. ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், எப்போதோ விற்றுவிட்ட ரேடியோ இருந்த இடத்தில் போய் நின்றது. வெளியே விழுந்த குவியலில் நீளமான ஒன்றை எடுத்து மனைவி கொல்லைப்பக்கம் துணிக்கொடி கட்டிக்கொண்டாள். அந்த லாரியால் தனக்குக் கிடைத்த முதல் உபகாரம் அதுதான் என்றாள்.

பிறகு புது வயர் போட்டான். வயரை வெள்ளை பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு, ஜாணுக்கு ஒரு கிளிப் அடித்து, லாரியின் கூரை ஓரமாக நேர்க்கோட்டில் கொண்டுபோனான். மூலைக்கு மூலை வளைவுத் துண்டு. கேபினுக்குள் ஏறினால் புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்துக்குள் நுழைந்தது போல் இருந்தது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாவற்றுக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு வீட்டு சுவிட்ச் போர்டு. அதை இடது பக்கக் கதவை ஒட்டி மாட்டியிருந்தான்.

ஒத்த லைட்டு வலது பக்கத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. படுத்துப் பார்த்தார். விரல் நுனி பட்டது. ஆனால் படுத்தால் ரோடு தெரியவில்லை.

“ஏம்ப்பா, இதை நான் எப்படிப் போடறது?”

“கதவைத் திறந்து உள்ள வந்ததும் கை படற இடத்துலதானே மச்சான் சுவிட்ச் இருக்கணும்?”

“நான் வர்றது இந்தக் கதவு வழியா.”

“நீங்க டிரைவரு. வீட்டு ஆளுங்க வர்றது அந்த வழிதானே.”

பேச்சு தடித்தது. மச்சினன் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். மனைவி நடுவில் புகுந்து, தம்பி ஒரு காரணம் இல்லாமல் செய்ய மாட்டான் என்று புருஷனிடமும், அவருக்குக் கை கொஞ்சம் குட்டை என்று தம்பியிடமும் சொன்னாள். மச்சினன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைப்பதில்லையா, எதில் போட்டாலும் எரியும், எதில் போட்டாலும் அணையும், அதே மாதிரி வலது பக்கமும் ஒரு போர்டு வைத்துவிடுகிறேன் என்றான். இடது பக்கத்தில் இருப்பதைக் கழற்றினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் அல்லவா. வைத்தும்விட்டான்.

எல்லாம் முடிந்து சுவிட்ச் போட்டுப் பார்க்கிற நேரம் வந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் கூடிவிட்டார்கள். ஒத்த லைட்டு இடது இண்டிகேட்டரைப் போட்டார். பின்னால் எல்லா விளக்கும் மினுக்கின. பிரேக்கை மிதித்தார். வைப்பர் எழுந்தது, யோசித்தது, படுத்துக்கொண்டது.

 மச்சினன் மூன்று தரம் கீழே இறங்கி, மூன்று தரம் மேலே ஏறிப் பார்த்தான். வயரெல்லாம் புதுசு, சுவிட்செல்லாம் புதுசு, பல்பெல்லாம் புதுசு, கோளாறு மட்டும் பழையது, ஒரு சுருக்கம்கூட விழாமல் அப்படியே இருந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று அக்கா கூப்பிட்டதையும் காதில் வாங்காமல் போய்விட்டான். அதற்கப்புறம் போன் செய்தால் எடுக்கவில்லை. அவன் தோற்றதில் ஒத்த லைட்டுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஆனால் தோற்றது தன் லாரியில் என்பதால் அதை நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு வேலை இருந்தது. ஒரு கணக்கு வாத்தியார் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வீடு மாறுகிறார். பகல் வேலைதான், லைட் தேவைப்படாது. ஆனால் திரும்புகிற இடத்தில் இண்டிகேட்டரை நம்ப முடியாதே. வலது பக்கம் ஒத்த லைட்டு தானே கையை நீட்டிக்கொள்வார். இடது பக்கத்துக்கு ஒரு கை வேண்டும். சாமான் தூக்குகிற ‘பீரோ’ சாமான்களோடு பின்னால்தான் உட்காருவான். தனி ஆளாக ஓர் இரும்பு பீரோவை முதுகில் தூக்கி மாடி ஏற்றுவதால் வந்த பெயர் அது. கேபினில் அவன் உட்கார்ந்தால் கியர் போட இடம் இருக்காது. வேறு வழியில்லாமல் ஒத்த லைட்டு மனைவியிடம் கேட்டார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஏறினாள். ஆனால் ஃப்ளாஸ்க்கில் டீயும் சீப்பும் பவுடரும் எடுத்து வைத்துக்கொண்டதை அவர் கவனித்தார்.

சாமானெல்லாம் ஏற்றிப் புறப்பட்டார்கள். வாத்தியார் தன் ஸ்கூட்டரில், புது வீட்டுச் சாவியோடு பின்னாலேயே வந்தார். அவர் எதையும் சரியாகப் பின்பற்றுகிற மனிதர். லாரியின் இடது ஜன்னலில் கை நீண்டால் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று புறப்படும்போதே சொல்லி வைத்திருந்தார்கள். பாதி வழியில் மனைவி டீ குடித்துவிட்டு, டம்ளரில் மீந்த தூளை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி உதறினாள். லாரி நேராகப் போனது. வாத்தியார் இடது பக்கம் திரும்பி ஒரு முட்டுச்சந்துக்குள் போனார். அவர் திரும்பி வந்து லாரியைப் பிடித்துக் காரணம் கேட்டபோது, அது டீத்தூள் சார் என்று பீரோ மேலேயிருந்து விளக்கம் சொன்னான்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பிடித்த மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. ஒத்த லைட்டு வேறு வழியில்லாமல் ஹெட்லைட்டைப் போட்டார், ஒற்றை லைட் மினுக்கென்று எரிந்தது. வைப்பரும் ஓடியாக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் வைப்பர் முதுகுவலிக்காரர் மாதிரி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போயிருப்பார்கள்.

“என்னங்க, ஏதோ தீயற வாசனை வருது.”

“மழை பெஞ்சா மண் வாசனை வரும்.”

“மண்ணு தீயற வாசனைங்க.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது உள்ளங்கால் சுட்டது. இதமான சூடு இல்லை, நிஜமான சூடு. காலைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலால் பிரேக்கை மிதித்து லாரியை ஓரம் கட்டினார். பிரியத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி பானெட்டைத் திறந்தார். ஆக்சிலேட்டர் கேபிளின் மேல்தோல் உருகிப் புகைந்துகொண்டிருந்தது. பானெட்டைத் தாங்கி நிற்கிற கம்பி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. பீரோ மழையில் நனைந்துகொண்டே வந்து, லாரியில் இருந்த கடப்பாரையை எடுத்து, ஒரு முனையை இன்ஜின் மேலும் கூர் முனையை பானெட்டின் உள்பக்கத் தகரத்திலும் முட்டுக் கொடுத்தான்.

சட்டென்று ஒரு சின்னப் பொறி பறந்தது. லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் பளீரென்று எரிந்தன.

இரண்டும். எதிரே இருந்த மதில் சுவர், அதில் ஒட்டியிருந்த கிழிந்த சுவரொட்டி, மழையின் ஒவ்வொரு தாரை, எல்லாம் தெரிந்தது. இரண்டாவது லைட் எரிந்து ஒத்த லைட்டு பார்த்ததே இல்லை. வாங்கும்போதே அது அப்படித்தான் இருந்தது. பின்னால் வந்த வாத்தியார், மழையில் அந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்து, முன்னால் நிற்பது வேறு யாருடைய லாரியோ என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கேபினில் உட்கார்ந்திருந்த மனைவி பக்கத்தில் இருந்த போர்டில் இடது இண்டிகேட்டரைப் போட்டாள். இடது விளக்கு மட்டும் டிக் டிக்கென்று மினுக்கியது. ஒத்த லைட்டு இரண்டு லைட்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். என் கை ராசி அண்ணே என்றான் பீரோ.

கடப்பாரையை எடுத்துவிட்டு பானெட்டை மூடினார்கள். இரண்டு லைட்டும் செத்தன. மறுபடி திறந்து முட்டுக் கொடுத்தார்கள். எரிந்தன. மூடினார்கள். அணைந்தன.

“இது என்னங்க, ஃப்ரிட்ஜா? திறந்தா எரியுது, மூடினா அணையுது” என்றாள் மனைவி.

கை வலித்ததால் பீரோ கடப்பாரையை வைத்துவிட்டு, வாத்தியார் வீட்டு மேஜையிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு மரக்காலை எடுத்து முட்டுக் கொடுத்தான். எரியவில்லை. கை ராசி அத்துடன் போயிற்று. அப்படியென்றால் கடப்பாரையில்தான் ஏதோ இருக்கிறது என்று மனைவி சொன்னாள். என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் லைட் எரியும், ஆனால் லைட்டில் தெரிகிற ரோட்டை பானெட் மறைத்துவிடும். நல்லவேளையாக மழை விட்டு வெயில் வந்தது. கேபிள் ஆறியதும் மெதுவாக ஓட்டிப்போய்ச் சாமானை இறக்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தார்கள்.

மனைவி காலில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவாமல் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தீய்ந்த வாசனைக்கு அவன் அசையவில்லை. மழைக்கு அசையவில்லை. டீத்தூளுக்குத் தோள் லேசாகக் குலுங்கியது. பானெட்டுக்கு எதை முட்டுக் கொடுத்தார்கள் என்று சொன்னதும் திரும்பினான்.

“இரும்புக் கடப்பாரையா?”

“ஆமா.”

“ஒரு பக்கம் இன்ஜின் மேல?”

“ஆமாடா.”

எழுந்தவன் அக்காவின் செருப்பு ஒன்றும் தன் செருப்பு ஒன்றுமாக மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். வந்ததும் யாரிடமும் பேசாமல் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான். கொஞ்ச நேரம் கால் மட்டும் தெரிந்தது. பிறகு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது, நிற்கவே இல்லை.

விஷயம் இதுதான். விளக்குக்குப் போகிற கரண்ட் வயரில் போகும். திரும்பி வருகிற கரண்ட்டுக்கு லாரியில் தனி வயர் கிடையாது. லாரியின் இரும்பு உடம்பே வழி. உடம்பிலிருந்து இன்ஜினுக்கும், அங்கிருந்து பேட்டரிக்கும் அது வந்து சேர வேண்டும். உடம்பையும் இன்ஜினையும் சேர்ப்பதற்கென்று விரல் தடிமனில் பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை உண்டு. அதற்குப் பெயர் எர்த். அந்தப் பட்டையின் ஒரு முனை அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. வருஷா வருஷம் அந்தப் போல்ட்டையும் கழற்றி, அடியில் அழகாகப் பெயிண்ட் அடித்து, காய வைத்து, திரும்ப முடுக்கியிருந்தார் ஒத்த லைட்டு. லாரியை விற்றவரும் பெயிண்ட் பிரியராகத்தான் இருந்திருக்க வேண்டும். வாங்கியபோதே அடியில் கனமாக ஒரு பூச்சு இருந்தது. பட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் இப்போது பெயிண்ட்டே ஒரு சுவராக நின்றது. திரும்பிப் போகிற வழி அடைபட்ட கரண்ட், அடுத்தவன் வீட்டுக் கொல்லை வழியாகப் போகிறவன் மாதிரி, ஒரு விளக்கின் வழியாக இன்னொரு விளக்குக்குள்ளும், வைப்பருக்குள்ளும், கடைசியில் ஆக்சிலேட்டர் கேபிளுக்குள்ளும் நுழைந்து தப்பித்துக்கொண்டிருந்தது. கடப்பாரை அதற்கு ஒரு நேர்வழி போட்டுக் கொடுத்திருந்தது.

“போற வழி நான் போட்டது மச்சான். அதுல ஒரு குத்தம் கிடையாது. வர்ற வழியைத்தான் நீங்க பூசி மூடி வச்சிருக்கீங்க” என்றான் மச்சினன், அடியில் இருந்தபடியே.

ஒத்த லைட்டுக்கு முதலில் புரியாத மாதிரி இருந்தது, பிறகு புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. அத்தனை வருஷமாக அத்தனை எலக்ட்ரீஷியன்களைத் திட்டியிருக்கிறார். மனைவிக்கு ஆக்சிலேட்டர் சூட்டின் காரணம் விளங்கியதும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். “பிரியமாம், பிரியம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவர் அசடு வழிந்துகொண்டு நின்றார்.

போல்ட்டைச் சுற்றிச் சுரண்ட வேண்டும் என்றதும் அவர் கெஞ்ச ஆரம்பித்தார். ஒரு நகக்கண் அளவுக்குச் சுரண்டினால் போதாதா என்று கேட்டார். மச்சினன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அவர் கைக்கு மனசு வரவில்லை. மனைவிதான் சமையலறையிலிருந்து பழைய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடியில் புகுந்து சுரண்டினாள். அரக்குக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் பச்சை, அதற்கும் கீழே மறுபடி நீலம் என்று அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒத்த லைட்டு, அந்த அடி நீலம் நம் பெரியவள் பிறந்த வருஷம் அடித்தது என்றார். சுரண்டுகிற கை ஒரு கணம் நின்றது. அப்புறம் தொடர்ந்தது. கடைசியில் வெள்ளியாக இரும்பு மின்னியது. மச்சினன் பட்டையை வைத்து முடுக்கினான். சுவிட்ச் போட்டார்கள். காலி மனையின் கடைசியில் இருந்த வேலி வரைக்கும் வெளிச்சம் போனது. வைப்பர் ஆடாமல் படுத்திருந்தது.

மறு சோதனைக்கு நான்கு பேருமே போனார்கள். மச்சினன் தன் வேலையைப் பார்த்து அதிகாரி என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு, பீரோ கடப்பாரையின் பங்கை எடுத்துச் சொல்வதற்கு. மனைவி ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் இடது பக்கத்தில் தன் இடம் மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி அம்மாள் பின்னால் நின்று, லெஃப்ட் என்றார். ஒத்த லைட்டு தன் பக்க போர்டில் இடது இண்டிகேட்டரைப் போட்டார். அதே நொடியில் மனைவியும் தன் பக்கத்து போர்டில் போட்டாள். மாடிப்படி சுவிட்ச்சின் வேலை அது. ஒருவர் போட்டது இன்னொருவரால் அணைந்துபோனது. எரியவில்லையே என்றார் அம்மாள். உடனே இருவரும் பதறிக்கொண்டு மறுபடி தட்டினார்கள், சேர்ந்தே தட்டினார்கள். எரியவில்லை. நீ சும்மா இரு என்று இவர் சொல்ல, சரியென்று அவள் கையை எடுக்க, எடுக்கும்போது அவள் விரல் பட்டு எரிந்துவிட்டதை இவர் பார்க்காமல் இன்னொரு தரம் தட்ட, வந்த வெளிச்சமும் போனது. மச்சினன் வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

அதிகாரி அம்மாள் கேபின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெள்ளை பைப்புகளையும் இரண்டு சுவிட்ச் போர்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு இடது போர்டில் சும்மா இருந்த ஒரு பிளக் பாயிண்டைக் காட்டி, இது எதற்கு என்றார். மச்சினன் முன்னால் வந்து, ஒரு வசதிக்குத்தான் என்றான்.

“யாராவது ஒருத்தர் மட்டும் போடுங்க” என்றார் அம்மாள், ரொம்ப சாந்தமாக.

ஒத்த லைட்டு மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கைகள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். பிரேக் மட்டும் அவர் கால் வசம். அது மிதிபட்டபோது பின்னால் சிவப்பாக எரிந்தது, முன்னால் எதுவும் கும்பிடவில்லை. கடைசியாக டிரைவரும் தன் பக்கத்தில் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு மனைவியைக் கீழே இறக்கிவிட்டார்கள். அம்மாள் கையெழுத்துப் போட்டார். பிளக் பாயிண்டை மட்டும் கழற்றச் சொன்னார். பீரோ கடப்பாரையைப் பற்றி ஆரம்பித்தபோது அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு மனைவி பெரும்பாலான லோடுகளுக்குக் கூடவே போக ஆரம்பித்தாள். போகிற இடத்தில் வீட்டுக்காரப் பெண்கள் பாத்திரம் கட்டுவதற்கு அவள் கை ஒத்தாசையாக இருந்தது, அவர்களும் அவள் வருகிறாளா என்று கேட்டுவிட்டே லாரி பேசினார்கள். சக்களத்தி என்ற சொல் அவள் வாயில் வருவது நின்றது. மச்சினனுக்கு ஸ்டாண்டில் இன்னும் இரண்டு லாரிகள் கிடைத்தன, அவற்றிலும் வெள்ளை பைப் அடித்துக்கொண்டிருக்கிறான். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. இரண்டு லைட்டும் எரிய வருகிற லாரியைப் பார்த்து, அதோ ஒத்த லைட்டு வருகிறார் என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் காரணம் தெரியாமல் விழிக்கிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வழி விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை. நாற்சந்தி வந்ததும் அவர் இடது பக்கம் போட்டால், அவள் அதை அணைத்துவிட்டு வலது பக்கம் போடுவாள், அந்த வழிதான் கிட்ட என்பாள். அவர் அதை அணைத்துவிட்டு இடது பக்கம் போடுவார். பின்னால் வருகிற வண்டிக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. யாரும் ஹாரன் அடிப்பதில்லை. உள்ளே பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று பொறுமையாக நிற்கிறார்கள். பெரும்பாலும் லாரி வலது பக்கம்தான் திரும்புகிறது.